ஊசி துள்ளிய இடம்

அடுத்தவன் பாடிப் பெயர் வாங்கிய பாட்டை இன்னொருவனைப் பாடவைத்து, கேசட்டாகப் போட்டு விற்பது என் தொழில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்துப் பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன். கடைக்கு வருகிற பெரிய மனிதர்கள், "இதையெல்லாம் யாரு வாங்குவா?" என்று மூக்கைச் சுளிப்பார்கள். "உங்களை மாதிரி கேள்வி கேக்காதவன் வாங்குவான்" என்பேன். அது வாய்க்கொழுப்பில் வந்த பதில். எது ஓடும், எது பெட்டியோடு தூங்கும் என்று எனக்கும் தெரியாதுதான். கன்னையா வந்த பிறகுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்வதற்குப் பட வேண்டிய பாட்டையெல்லாம் அவன் பட்டான். லாபம் மட்டும் எனக்கு.

என் பெயர் சீவரத்தினம். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். நானும் அங்கேயே கிளார்க்காக இருந்துவிட்டு, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். கடையில் வருகிறவனுடைய தமிழ். கோபம் வந்தால் மட்டும் கடையிலும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். சின்ன வயதில் எட்டு வருடம் முறையாகப் பாட்டுப் படித்தவன் நான். ரேடியோவில் பாடகர் தேர்வுக்கு மூன்று முறை போனேன். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், ஆனால் கேட்கத் தோன்றவில்லை என்று மூன்று முறையும் சொல்லி அனுப்பினார்கள். அந்த மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை.

கன்னையா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டினான். வேலை இல்லாத நாட்களில் கல்யாண மண்டபங்களில் பாடுவான். மெட்ராஸ் சினிமாவில் ஜெயசீலன் என்று ஒரு பாடகர் இருந்தார். எங்கள் வயதுப் பெண்களையெல்லாம் அழவைத்தவர். கன்னையாவுக்கு அதே குரல். அதனால் கிள்ளானில் அவனைக் கன்னையா என்று யாரும் சொல்வதில்லை. கிள்ளான் ஜெயசீலன் என்றால்தான் தெரியும்.

எண்பத்துமூன்றாம் வருடம் ஒருநாள் மனைவி புஷ்பவல்லியோடு கடைக்கு வந்தான். கட்டையான ஆள். கை இரண்டும் கிரீஸ் கறுப்பு. குரல் மட்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கியது போல இருந்தது.

"சார், ஒரு கேசட் போடணும். ஜெயசீலன் பாட்டு பத்து."

"ஜெயசீலன் பாடின கேசட்டே அங்க அடுக்கி வச்சிருக்கேன். நீங்க எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். புஷ்பவல்லிதான் பேசினாள்.

"பேருக்குத்தான் சார். இருபது வருசமா பாடுறாரு. போன மாசம் எங்க சொந்தக்காரங்க கல்யாணம், பத்திரிகையில கூட கிள்ளான் ஜெயசீலன்னுதான் அடிச்சிருக்காங்க. எங்க பொண்ணு படிச்சிட்டு, அப்பா பேரு எங்க இருக்கும்மான்னு கேக்குது. அட்டையில கன்னையான்னு ஒரே ஒரு தடவை வந்துட்டா போதும் லா சார்."

"கேக்காம எப்படிச் சொல்றது? எங்க பாடுறீங்க அடுத்து?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணம் என்றான். அழைக்காத கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சம் கிடையாது. போனேன்.

மத்தியான விருந்து. மேடையில் முல்லைச்சரம் இசைக்குழு. வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கறுப்புக் கோட்டில் கன்னையா. அவன் பக்கத்தில் இரண்டாம் குரலுக்கு வேலாயுதம் என்று ஒரு பஸ் கண்டக்டர்; முப்பது வயதிருக்கும், தலைமுடியை அலையலையாக வாரியிருந்தான். தபேலாவில் பக்கிரிசாமி.

முதல் நான்கு பாட்டை ஜெயசீலன் பாடியது போலவே அச்சாகப் பாடினான். மண்டபம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர்கூட இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கிடைத்ததெல்லாம் மூலையில் கிடக்கும் ரேடியோவுக்குக் கிடைக்கிற மரியாதைதான். ஐந்தாவதாகத் தெருவிளக்குப் பாட்டை எடுத்தான். காதலி வருவாள் என்று ஒருவன் தெருமுனையில் விடியும் வரை நிற்கிற பாட்டு அது. கைகள் ஒவ்வொன்றாக இலையில் நின்றன. இரண்டாவது சரணத்தில் "தெருவிளக்கும் தூங்கியதே, தேடி வந்தாள் இல்லையே" என்று ஒரு வரி. கன்னையா "தேடி வந்" என்று தொடங்கி, யாரோ பின்னால் இழுத்தது போல வெட்டி, மறுபடி "தேடி வந்தாள் இல்லையே" என்றான். பாட்டில் இல்லாத இரண்டு தாளத்தட்டு அங்கே கூடுதலாக ஓடியது. பக்கிரிசாமி அந்த இரண்டையும் ஓர் உருட்டு உருட்டி நிரப்பினான்.

மண்டபமே "ஆ" என்றது. ஒரு மீசைக்காரர் மேசையைக் குத்தினார். மாப்பிள்ளையின் தாத்தாவோ யாரோ, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்டை அடைத்துப்போய், மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வரவில்லை என்று சொல்வதாக அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்டது வேறு. இசைத்தட்டில் கீறல் விழுந்து, ஊசி ஒரு சுற்றுப் பின்னால் துள்ளினால் வருமே, அதே சத்தம். இந்த ஆள் கீறல் விழுந்த தட்டைக் கேட்டுப் பாடம் பண்ணியிருக்கிறான்! சிரிப்பு வந்து எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து இலைக்காரர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

சிரித்து முடித்த பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. எட்டு வருடப் படிப்பில் என்னால் ஒரு ஆளுக்குக்கூடக் கொடுக்க முடியாததை ஒரு போர்க்லிஃப்ட் டிரைவர் ஒரு கீறலை வைத்துக் கொடுத்துவிட்டான். பொறாமை என்றால் பொறாமைதான். அந்த ஒரு நொடிக்காக நான் அவனை மன்னிக்கவே இல்லை.

கேசட் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஈப்போ ரோட்டில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ. அதை நடத்தியவன் ஆ செங் என்ற சீனன். தமிழில் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். இசைக்குழு முழுவதும் வந்திருந்தது. புஷ்பவல்லி பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவள் போல ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தெருவிளக்குப் பாட்டை முதல் டேக்கிலேயே கன்னையா பாடி முடித்தான். ஊசி துள்ளிய இடம் அப்படியே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆ செங் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். நல்ல தட்டிலிருந்து ஜெயசீலன் பாடியதை ஒரு கேசட்டில் எடுத்து, பையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் போட்டுக் காட்டினேன்.

பாட்டு அந்த வரிக்கு வந்தது. துள்ளாமல், நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"எங்கை படிச்சீர் இந்தப் பாட்டை?" என்றேன். வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"போர்ட்ல சார். சின்ன வயசுல நாங்க அய்யாவு முடிவெட்டுற கடைக்குப் பின்னால குடியிருந்தோம். அவருகிட்ட இந்த ரெக்கார்ட் இருந்துச்சு. தெனமும் போடுவாரு."

"அந்த ரெக்கார்ட்டிலை கீறல் இருந்திருக்குமே?"

"இருந்திருக்கும் சார். அவரு அதுமேலதான் சீப்பு, கத்திரிக்கோலெல்லாம் வைப்பாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரேடியோவிலை நூறு தரம் போட்டிருப்பாங்கள். கேக்கேல்லையே?"

"கேட்டேன் சார். நேரம் பத்தாம ரேடியோக்காரங்க அந்த எடத்த வெட்டிட்டாங்கன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வேலாயுதம் சுவரில் சாய்ந்து சிரித்தான். பக்கிரிசாமிகூடத் தபேலாவில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். கன்னையாவும் சிரிக்கப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டதே தவிரச் சிரிப்பு வரவில்லை. புஷ்பவல்லி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

"ஐசே, இருபது வருஷமா நீர் படிச்சது ஜெயசீலனை இல்லை. அய்யாவுவின்ரை சீப்பு போட்ட கீறலை" என்றேன். சொல்லும்போது நாக்கு இனித்தது என்பதையும் மறைக்கவில்லை.

கன்னையா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "அப்ப மாத்திடலாம் சார். தப்புன்னா மாத்தணும்" என்றான்.

அவன் அழுதிருந்தாலோ, என்னோடு சண்டை போட்டிருந்தாலோ நான் அங்கேயே விட்டிருப்பேன். இப்படிப் பணிந்து போகிறவனைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் ஏறும். பதினேழு முறை பாடவைத்தேன். ஒவ்வொரு தடவையும் "தேடி வந்" என்றதும் வண்டிமாடு பழகிய சந்தில் திரும்புவது போல அவன் குரல் தானாகப் பின்னால் போனது. தொடையில் விரலால் தாளம் எண்ணிக்கொண்டு பாடச் சொன்னேன். எண்ணினான். சாயங்காலத்துக்குள் பிழையில்லாமல் வந்துவிட்டது. வேறு இரண்டு பாட்டிலும் அய்யாவு கடைக் கீறல் இருந்தது. அவற்றையும் அடுத்த நாள் நோண்டி எடுத்தேன்.

"பாஸ், முதல்ல பாடினதுதான் நல்லா இருந்துச்சு. இது ஸ்கூல் பையன் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு லா" என்றான் ஆ செங்.

"உனக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது பாஸ். அதனாலதான் சொல்றேன்."

அவனை வேலையைப் பார்க்கச் சொன்னேன். மாடிப்படியில் புஷ்பவல்லி என்னை நிறுத்தினாள்.

"சார், தப்பாவே இருந்தாலும் சனங்களுக்கு அதுதானே புடிச்சிருக்கு?"

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றேன்.

அந்த ஜெயசீலனே மேடைக் கச்சேரிகளில் மெட்டை இஷ்டத்துக்கு இழுத்தும் வெட்டியும் பாடுகிறவர்தான். அதற்குப் பாணி என்று பெயர் வைத்து நாங்களே தலையாட்டியிருக்கிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இது அப்போதே எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

கேசட் தீபாவளிக்கு முன்னால் வந்தது. அட்டையில் கறுப்புக் கோட்டில் கன்னையாவின் படம், மேலே கொட்டை எழுத்தில் "கன்னையா பாடும் காதல் கீதங்கள்". முதல் வாரம் முழுவதும் அவன் காலை ஷிப்டு முடிந்ததும் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்து, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று தன் பெயரைப் பார்த்துவிட்டுப் போனான். யாராவது வாடிக்கையாளர் வந்தால் சட்டென்று நகர்ந்து பக்திப் பாடல்கள் பக்கம் நிற்பான். படத்தில் இருக்கும் ஆள் நான்தான் என்று ஒருவரிடமும் சொல்ல மாட்டான். ஒருவரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

கேசட் படுத்துவிட்டது. படுத்த விதம்தான் வேடிக்கை. கோலாலம்பூர்க்காரர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஜெயசீலனை வாங்கிக்கொண்டு போனார்கள். அசலைப் போலவே இருக்கிற ஒன்றை, அசல் பக்கத்திலேயே இருக்கும்போது எவன் வாங்குவான்? கிள்ளான்காரர்கள் ஆசையாக வாங்கினார்கள். வாங்கிய மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள்.

"பாஸ், டேப் ரிப்பேர். நடுவுல ஒரு எடம் வெட்டியிருக்கு. மாத்திக் குடுங்க."

"வெட்டலைங்க. பாட்டே அப்படித்தான்."

"யாருகிட்ட சொல்றீங்க? என் கல்யாணத்துல பாடினாரு. அந்த எடத்துலதான் என் பொண்டாட்டியே அழுதா."

ஒருவர் இருவர் இல்லை. நாற்பது ஐம்பது பேர் வந்திருப்பார்கள். ஊசி துள்ளாத பாட்டு அவர்களுக்கு ஊனமான பாட்டு. விற்காமல் கிடந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் எனக்குத் தொழில் புரிந்தது. அசலைத் தேடி நகலிடம் யாரும் வருவதில்லை. பாடுகிறவன் எங்கேயாவது ஒரு இடத்தில் வழி தவறியிருக்க வேண்டும். அந்த இடத்தில் கேட்கிறவன் போய் உட்கார்ந்துகொள்வான். கன்னையாவிடம் அந்த இடம் இருந்தது. நான் பதினேழு டேக் எடுத்து அதை அடைத்துவிட்டேன்.

தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும், கன்னையாவிடம், "உங்க பேருக்கு மார்க்கெட் இல்லை" என்றுதான் சொன்னேன்.

அதற்குள் அவன் கல்யாண மேடைகளிலும் விழ ஆரம்பித்திருந்தான். எண்ணிப் பாடப் பழகிவிட்டவனுக்கு எண்ணாமல் பாட வரவில்லை. தெருவிளக்குப் பாட்டில் அவன் நேராகப் போவான்; பக்கிரிசாமி பழக்கத்தில் உருட்டுவான்; பாட்டும் தாளமும் ஆளுக்கொரு தெருவில் போகும். ஜனங்கள் ஊளையிட்டார்கள். சரி, பழையபடி பாடலாம் என்று முயன்றால் அந்த இடம் நெருங்கும்போதே முகம் வெளிறிப் போகுமாம். இதெல்லாம் புஷ்பவல்லி சொல்லித்தான் தெரியும். ஒருநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள்.

"சார், பழைய மாதிரியே இன்னொரு தடவை எடுத்துப் பாப்பமா?" என்றான் கன்னையா. "மொத டேக் இருக்குமே சார், அதையாவது போடுங்க."

முதல் டேக்கின் மேலேயே அடுத்த பதினேழையும் எடுத்திருந்தோம். அதைச் சொன்னேன். ஆனால் மறுபடி எடுக்கச் சம்மதித்தேன். அவன்மேல் இரக்கப்பட்டு இல்லை. கிள்ளான் முழுக்க அந்த ஓர் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. வியாபாரிக்கு அது போதும்.

மறுபடியும் அதே மாடி, அதே ஆட்கள். கன்னையா மைக்குக்கு முன்னால் நின்றான். "தேடி வந்" என்றான். பின்னால் இழுக்கவேண்டிய நேரத்தில் அவன் வலதுகை விரல்கள் தொடையில் ஒன்று, இரண்டு என்று தட்டின. பின்னால் இழுத்தான்தான், ஆனால் கணக்குப் போட்டு இழுத்தான். ஒரு பஸ் பிரேக் போட்டது போல இருந்தது. மறுபடி எடுத்தோம். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பாடினான். பைக்குள்ளே விரல்கள் தட்டுவது வெளியே தெரிந்தது. ஒன்பது டேக்.

"போதும். வேலாயுதம், நீ வந்து பாடு" என்றேன்.

கோரஸ் பாட வந்தவன் அவன். ஒரு விநாடி கன்னையாவைப் பார்த்தான். கன்னையா ஒதுங்கி, மனைவி பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான். வேலாயுதம் அலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு பாடினான். குரல் சுமார்தான். அந்த இடத்துக்கு வந்ததும் விக்கல் எடுத்தது போல ஒன்று செய்தான். ஆ செங் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போது கன்னையா எழுந்து வந்தான்.

"அப்படி இல்ல தம்பி. நீயா நிறுத்தக் கூடாது. நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்க, ஏதோ ஒன்னு ஒன்ன புடிச்சிப் பின்னால போடுது. ஒனக்கே தெரியாம போடணும். இப்பக் கேளு."

பாடினான். மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலாயுதத்தின் தோளில் கைவைத்து, அவனுக்காகப் பாடினான். கை தோளில் இருந்ததால் விரல்கள் எண்ணவில்லை. "தேடி வந்"... வந்தது. அந்தக் கல்யாண மண்டபத்தில் வந்ததைவிட நன்றாக வந்தது. பக்கிரிசாமி தன்னையறியாமல் உருட்டினான். புஷ்பவல்லி எழுந்து நின்றுவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆ செங் என்னைப் பார்த்தான். மைக்கைச் சுட்டிக்காட்டி, அப்படித் திருப்பட்டுமா என்று கையால் கேட்டான்.

மைக்கை இரண்டு அடி திருப்பினால் போதும். அதைவிடச் சுலபமான வேலையை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மூன்று முறை என்னைக் கேட்கத் தோன்றவில்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அப்போது எனக்காக எவன் மைக்கைத் திருப்பினான்? இதுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஒன்று கண்டுபிடிக்க எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். கிடைக்கவில்லை.

நாலாவது முயற்சியில் வேலாயுதத்துக்கு வந்துவிட்டது. மற்ற இரண்டு பாட்டில் இருந்த கீறல்களையும் கன்னையாவே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். மூச்சு எங்கே எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது என்று ஒரு வாத்தியாருக்குரிய பொறுமையோடு காட்டினான். எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது என்னிடம் வந்தான்.

"சார், அட்டையில எம் பேரு எங்கயாச்சும் ஒரு ஓரத்துல வருமா?"

"நீங்க என்ன பாடினீங்க, பேர் போட?"

கொஞ்சம் யோசித்தான். "அதுவும் சரிதான் சார்" என்றான்.

புஷ்பவல்லி மாடிப்படியில் என்னைக் கடந்து போகும்போது நின்றாள். "நீங்க நல்லா இருங்க சார்" என்றாள். எந்தக் குரலில் சொன்னால் அந்த வார்த்தை மண்ணை வாரித் தூற்றுவதற்குச் சமமோ, அந்தக் குரலில் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என் கடைப்படி ஏறவில்லை.

"வேலாயுதம் ஹிட்ஸ்" தமிழன் இருக்கும் இடமெல்லாம் ஓடியது. செந்தூலில் ரோட்டோர ஒட்டுக்கடைகளில், ஈப்போ பஸ்களில், பினாங்கு கோயில் திருவிழாக்களில், எங்கே போனாலும் அந்தத் "தேடி வந்"தான். ஜனங்கள் அதற்கு வேலாயுதம் வெட்டு என்று பெயரே வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தப் பாட்டைப் பாடினாலும் நடுவில் ஒரு வேலாயுதம் வெட்டு வெட்டினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, இந்தப் புதுமையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வேலாயுதத்தைக் கேட்டார். அது தானாக வந்தது என்றான் வேலாயுதம். அவன் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டான். நான் கடைக்கு ஏர்கண்டிஷன் போட்டேன்.

மூன்று வருடம் கழிந்தது. எண்பத்தேழில் கிள்ளானில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம். இந்த முறை முறையாக அழைத்திருந்தார்கள், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வேலாயுதத்தைத்தான் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கு அன்று வேறு ஊரில் கச்சேரி. அதனால் கிடைத்த ஆளைப் பிடித்திருந்தார்கள். மேடையில் ஏறியவன் கன்னையா. கோட்டு இல்லை, அரைக்கைச் சட்டை. முன்தலை வழுக்கை. பின்வரிசையில் புஷ்பவல்லியும், பாவாடை தாவணியில் அவர்கள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவிளக்குப் பாட்டை எடுத்தான். நான் அவன் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. "தேடி வந்" என்றான். ஏதோ ஒன்று அவனைப் பிடித்துப் பின்னால் போட்டது. "தேடி வந்தாள் இல்லையே." எப்படியோ, எத்தனை நாள் தனியாக உட்கார்ந்து பாடியோ, அதை மீட்டுக்கொண்டு வந்திருந்தான். மறுபடியும் என் கையில் மயிர் சிலிர்த்தது. மண்டபம் கை தட்டி, விசில் அடித்து ஆடியது. ஒரு கணம் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நானும் பார்த்தேன்.

மைக்கைப் பிடித்திருந்த இளைஞன் ஓடிவந்தான். "அடடடா! நம்ம வேலாயுதம் வெட்ட அப்படியே வெட்டினாரு பாருங்க! கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா வேலாயுதமேதான் லா! அண்ணே, உங்க பேரு என்னண்ணே?"

"கன்னையா" என்றான்.

"கன்னையா அண்ணன்! இன்னிலேருந்து இவரு நம்ம கிள்ளான் வேலாயுதம்! கைத்தட்டுங்க!"

தட்டினார்கள். பின்வரிசையில் மகளும் சேர்ந்து தட்டியது தெரிந்தது. புஷ்பவல்லி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கன்னையா கும்பிட்டான், இறங்கினான். முன்வரிசையைத் தாண்டும்போது என்னைப் பார்த்துவிட்டு நின்றான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"சார், இப்ப சரியா வந்துச்சா?"

கண்ணில் கள்ளம் இல்லை. நிஜமாகவே கேட்டான். நன்றாக இருந்தது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அது உங்களுடையது, வேலாயுதம் உங்களிடம் வாங்கியது என்று சொல்லியிருந்தால் அந்த மண்டபத்திலேயே அவனுக்கு அது இன்னொரு கல்யாணம் போல ஆகியிருக்கும். நாக்கு வரை வந்தது.

"பரவாயில்லை" என்றேன். "அந்த இடத்துல வேலாயுதம் இன்னும் ஒரு இழை இழுப்பான்."

கன்னையா அதை மனதில் வாங்கிக்கொண்டு, மெதுவாகத் தலையாட்டினான்.

"வீட்டுல அவரு கேசட் இருக்கு சார்" என்றான். "போட்டுக் கேட்டுப் பழகிக்கிறேன்."